வில்லியம் கொலென்சோ

நியூசிலாந்தின் தலைநகராகிய வெலிங்டனில், தே பாப்பா என்னும் தேசீயக் காட்சிச்சாலையின்கண், உடைந்த வெண்கல மணியொன்று பேணப்பட்டு வருகின்றது. அதன் உயரம் ஏறக்குறைய 5 அங்குலம். அகலம் ஏறக்குறைய 6 அங்குலம். விளிம்பு சிதைந்து, ஓசை எழுப்ப இயலாத நிலையிலுள்ள அம்மணியைச் சுற்றிப் பொறிக்கப்பட்டிருப்பன நம் தமிழெழுத்துக்களாம். மொகிதீன் பக்ஷ் என்பாருடைய கப்பலின் மணி என்பது அவ்வெழுத்துக்களின் பொருள். அவற்றின் காலத்தைப்பற்றி அறிஞர் ஒருமனப்பட்டாரல்லர். தமிழெழுத்துப் பொறித்த கப்பல் மணி தென்கடற் கோடியிலுள்ள தீவை எவ்வாறு அடைந்ததென்னும் வினாவும் இன்னும் முடிவு காணாது நிற்கின்றது. ஆயின், அதனை அழியாமற் காத்தவர் யாரென்பதில் ஐயமில்லை. 1836ஆம் ஆண்டளவில், அந்நாட்டின் வடபாகத்தில் வாங்கரெய் என்னுமிடத்திற்கு அருகே, மாவோரிப் பெண்டிர் அதனை அடுப்பிலேற்றி உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருக்கக் கண்டு, ஓர் இரும்புப் பாத்திரத்தை ஈடாகக் கொடுத்து வாங்கிவைத்தவர் வில்லியம் கொலென்சோ என்னும் இளைஞர். அவர் தமிழ் அறியார். அவ்வெழுத்துக்களைப் படிக்கவும் அறியார். படிக்க வல்லார் ஒருவர் ஒருநாள் வருவர் என்று கருதியே அதனைக் காத்தார்.

இவ்வியல்பு அவருடைய நீண்ட வாழ்நாள் முழுவதிலும் காணப்படும். இதனாலேயே அச்சுத்தொழிலாளியாகவும், போதகராகவும், ஆசிரியராகவும் இருந்த அவர், முடிவில் மாவோரி மக்களின் சரித்திராசிரியருள் ஒருவராயினார். அவர் வாழ்க்கையில் போற்றுதற்குரியனவும் உண்டு; வருந்துதற்குரியனவும் உண்டு. உண்மையை மறையாது எழுதிவைத்த ஒருவருடைய சரித்திரத்தைக் கூறுமிடத்து, அவ்விரண்டனுள் ஒன்றை மறைத்தல் தகாது.

இளமையும் அச்சுத்தொழிலும்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால் நாட்டில், பென்சான்ஸ் என்னும் துறைமுகப் பட்டினத்தில், 1811ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கொலென்சோ பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணம் செய்யுந் தொழிலினர். சருவகலாசாலையிற் கற்கும் வாய்ப்பு மைந்தர்க்குக் கிட்டிற்றில்லை. ஊரிலிருந்த அச்சுக்கூடமொன்றில் தொழில் பயின்று, பின்னர் லண்டன் மாநகரஞ் சென்று, வேதநூல்களை அச்சிட்டுவந்த ஓர் அச்சுக்கூடத்தில் அமர்ந்தார். அங்கே அவர்க்குச் சர்ச் மிஷனெரி சங்கத்தாரின் தொடர்பு ஏற்பட்டது. 1820இல் ரேனியுஸ் ஐயரைத் திருநெல்வேலிக்கு அனுப்பிய அச்சங்கமே நியூசிலாந்திலும் ஊழியம் நடத்தி வந்தது. அங்குள்ள மிஷனெரிமார் தங்களுக்கு அச்சியந்திரமும் அதனை நடத்த வல்லார் ஒருவரும் வேண்டுமென்று கேட்கவே, சங்கத்தார் கொலென்சோவைத் தெரிந்தெடுத்து அனுப்பினர்.

1834ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் அவர் வடதீவிலுள்ள பைஹியா என்னும் மிஷன் ஸ்தானத்தை அடைந்தார். அச்சியந்திரத்தைக் கரையேற்றிப் பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது அவர் பெரிதும் திகைத்தார். யந்திரம் இருந்தது; எழுத்துக்கள் இருந்தன; எழுத்துக்களைப் பிரித்திடும் கேஸ்கள் இல்லை; மை தேய்க்கும் மேசை இல்லை; அச்சிடுதற்குரிய காகிதமும் இல்லை. பிறராயின், வேண்டிய பொருள்கள் இங்கிலாந்திலிருந்து வருங்காறும் வாளா இருந்திருப்பர். கொலென்சோவோ அங்கிருந்த தச்சரைக்கொண்டு கேஸ்கள் செய்வித்தார். மிஷனெரிமார் தத்தம் கடிதங்களுக்கென வைத்திருந்த தாள்களைக் கேட்டு வாங்கினார். இவ்வாறு 1835ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் மாவோரி மொழியில் முதற் படிவம் அச்சேறிற்று. அப்போஸ்தலனாகிய பவுல் எபேசியருக்கும் பிலிப்பியருக்கும் எழுதிய நிருபங்களைக் கொண்ட சிறு புத்தகம் அது. மையொற்றும் இளஞ்சிவப்புத் தாளே அதற்கு மேலட்டையாயிற்று.

அதன்பின் இரவும் பகலும் உழைத்து, 1837ஆம் ஆண்டின் முடிவில் புதிய ஏற்பாடு முழுவதையும் 5,000 பிரதிகள் அச்சிட்டு முடித்தார். மாவோரி மக்கள் தங்கள் மொழியை ஏட்டிற் கண்டு அதனைப் பெறுதற்கு நெடுந்தூரம் நடந்து வந்தனர். அச்சிடுதலோடு, அவர்களுக்கு எழுத்தறிவித்தலும் உபதேசித்தலும் அவருடைய கடமைகளாயின. கற்பித்தவரே கற்றவருமாயினார். மாவோரி மொழியின் நுட்பங்களையும், முன்னோர் கதைகளையும், மரஞ்செடிகொடிகளின் பெயர்களையும் முதியோரிடம் கேட்டுக் கேட்டு எழுதிவைத்தார். 1838இல் ஆலன் கன்னிங்ஹாம் என்னும் தாவரநூலறிஞர் அவர்க்கு அத்துறையின் முறைகளைக் காட்டினார். 1841இல் அங்கு வந்த ஜோசப் ஹூக்கர் அவருடைய வாழ்நாள் நண்பரானார். பிற்காலத்தில் கொலென்சோ திரட்டிய செடிகள் பல ஆயிரம், ஹூக்கர் வாயிலாகக் கியூ தோட்டத்தை அடைந்தன.

வைத்தாங்கியில் எழுந்த வினா

1840ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஹாப்சன் என்னும் கப்பற்படைத் தலைவர் இங்கிலாந்து அரசியாரின் பிரதிநிதியாக வந்து இறங்கினார். மாவோரித் தலைவர்களோடு ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளுதல் அவருடைய நோக்கம். ஆங்கிலத்தில் வரையப்பட்ட உடன்படிக்கையை, ஹென்றி வில்லியம்ஸ் என்னும் மூத்த மிஷனெரியும் அவர் மைந்தரும் ஒரே இரவில் மாவோரி மொழியிற் பெயர்த்தனர். பிப்ரவரி 5ஆம் நாள், வைத்தாங்கி என்னுமிடத்தில், பஸ்பி என்பாருடைய இல்லத்தின் முன் கூடாரமடித்துத் தலைவர்கள் கூட்டப்பட்டனர். நாள் முழுவதும் பேச்சு நிகழ்ந்தது. சிலர் ஏற்றனர், பலர் எதிர்த்தனர். மறுநாளே கையொப்பமிடத் தலைவர்கள் திரண்டு வந்துவிட்டனர்.

முதலில் ஹோனே ஹேகே என்னும் தலைவர் பெயர் அழைக்கப்பட்டது. அவ்வேளையில், 28 வயதினராகிய அச்சுத்தொழிலாளி கொலென்சோ எழுந்து நின்றார். இவ்வுடன்படிக்கையின் பிரிவுகளை இம்மக்கள் உள்ளபடி விளங்கிக்கொண்டனரென்று தேவரீர் கருதுகின்றீரோ என்னுங் கருத்துப்பட ஹாப்சனைக் கேட்டார். தாம் செய்யக்கூடியதையெல்லாம் செய்தாயிற்றென்றும், விளங்காவிடில் அது தம் குற்றமன்றென்றும் ஹாப்சன் விடையிறுத்தார். தாம் உரையாடிய தலைவர்களுட் சிலர் அதன் பொருளை அறியாதிருக்கின்றனரென்று கொலென்சோ மீண்டும் எடுத்துரைத்தார். பின்னர், தம் மனச்சாட்சிக்குரிய கடமையை ஆற்றியாயிற்றென்று அமர்ந்தார். கையொப்பம் தொடர்ந்தது. அன்று 40க்கு மேற்பட்ட தலைவர்களும், அவ்வாண்டினுள் நாடு முழுவதிலும் 500க்கு மேற்பட்டவர்களும் ஒப்பமிட்டனர்.

அவ்வினா வீண்வினாவன்று. ஆங்கிலப் பிரதியில், தலைவர்கள் தங்கள் அரசுரிமை முழுவதையும் அரசியார்க்கு ஒப்புவித்தனர் என்றிருந்தது. மாவோரிப் பிரதியிலோ அவ்விடத்திற் காவனாதாங்கா என்னுஞ் சொல் அமைந்தது. கவர்னர் என்னும் ஆங்கிலச் சொல்லை மாவோரி ஒலிக்கேற்பத் திரித்து ஆக்கிய சொல் அது. கவர்னருடைய நிருவாகம் என்பதன்றி, அரசுரிமையை இழத்தல் என்னும் பொருளை அது தெளிவுறத் தாராது. அடுத்த பிரிவிலோ, நிலங்கள், ஊர்கள், அரும்பொருள்கள் ஆகிய அனைத்தின்மேலும் முழுத் தலைமையுரிமை தலைவர்களுக்கே உண்டென்று உறுதி கூறப்பட்டிருந்தது. ஒரு சொல்லை மொழிபெயர்த்ததில் நேர்ந்த வேறுபாடு, ஒரு நாட்டின் நிலவுரிமையையே பிணக்கில் ஆழ்த்திற்று.

பிப்ரவரி 17ஆம் நாள் அவ்வுடன்படிக்கையின் மாவோரிப் பிரதிகள் 200ஐ அச்சிட்டவரும் கொலென்சோவே. தம் வினாவிற்கு நேரிய விடை கிடையாத ஓர் ஆவணத்தைத் தம் கையாலேயே அச்சிட நேர்ந்தது. ஆயினும் அந்நாட்களில் நிகழ்ந்தவற்றையும், இன்னின்னார் இன்னின்னவாறு பேசினர் என்பதையும் உடனுக்குடன் எழுதி, பஸ்பியிடம் காட்டித் திருத்தமும் பெற்று, அவ்வேடுகளைப் பேணிவைத்தார்.

வீழ்ச்சி

1843இல் கொலென்சோ, மிஷனெரி ஒருவருடைய புதல்வியாகிய எலிசபெத் பேர்பேர்ன் அம்மையாரை மணந்தார். அம்மையார் நியூசிலாந்திலேயே பிறந்தவர்; மாவோரி மொழியிற் சிறந்தவர்; பள்ளி நடத்துதலில் வல்லவர். ஆயின் அம்மணம் அன்பினால் நிகழ்ந்ததன்று. ஊழியத்திற்குத் துணை வேண்டுமென்று நிகழ்ந்தது. 1844இல் செல்வின் அத்தியட்சர் கொலென்சோவுக்கு டீக்கன் பட்டம் அளித்தார். அவ்வாண்டின் இறுதியில் இருவரும் கீழ்க்கரையிலுள்ள ஹாக் விரிகுடாப் பகுதியை அடைந்தனர். அவர்கள் குடியேறிய இடத்திற்கும் வைத்தாங்கி என்பதே பெயர்; உடன்படிக்கை நிகழ்ந்த வைத்தாங்கி வேறு.

அங்கே கொலென்சோ ஐயர் ஆற்றிய உழைப்பு அளவிடற்கரியது. சாலையும் பாலமும் இல்லாத நாட்டில், ஆறுகளை நீந்தியும், பனி மூடிய ருவாஹினே மலைத்தொடரைக் கடந்தும், ஊர் ஊராக நடந்து கற்பித்தார். நெருங்கிப் பழகிய மக்களின் குலமுறைகளும், போர்க்கதைகளும், பழமொழிகளும் அவருடைய குறிப்பேடுகளில் நிரம்பின. பிற்காலத்தில் அவர் எழுதிய சரித்திரக் கட்டுரைகளுக்கு வித்து இந்நாட்களிலேயே ஊன்றப்பட்டது.

இவ்வளவு செய்தவர் தம் இல்லத்திலே தவறினார். அவர் வீட்டில் வாழ்ந்த மாவோரிப் பெண்ணொருத்திக்கு 1850இல் அவர் வாயிலாக விரெமு என்னும் ஆண்மகவு பிறந்தது. செய்தி வெளிப்பட்டபின், 1852இல் அத்தியட்சர் அவரைக் குருத்துவப் பணியினின்று நிறுத்திவைத்தார். சங்கத்தாரும் அவரை நீக்கினர். எலிசபெத் அம்மையார் அவரைப் பிரிந்து சென்றார். பிறர்க்கு நெறி கற்பித்தவர் தாமே நெறி பிழைத்ததனால், அவரை நம்பியிருந்த மாவோரிக் கிறிஸ்தவர்கள் உற்ற மனவருத்தம் சிறிதன்று. இதனை அவர்க்காக நாம் மழுப்புதல் ஒண்ணாது.

அம்மையாருடைய பிற்கால வாழ்வை இங்குக் குறியாது விடுதலும் நேர்மையன்று. கணவரைப் பிரிந்தபின் அவர் மாவோரிப் பள்ளிகளிற் கற்பித்தார். இங்கிலாந்து சென்று, மாவோரி வேதாகமம் அச்சேறுங்கால் பிழைதிருத்தும் பணியில் உதவினார். பின்னர் நார்போக் தீவில் மெலனேசிய மிஷன் ஊழியத்தில் நெடுங்காலம் பணிசெய்து, 1904இல் காலஞ்சென்றார். கொலென்சோவின் பெயர் விளங்குமளவிற்கு அவர் பெயர் விளங்காதிருத்தல் சரித்திரத்தின் குறையேயாம்.

சரித்திராசிரியர்

தம் நாற்பத்தோராம் வயதில், பதவியும் குடும்பமும் நன்மதிப்பும் ஒருங்கே இழந்தவர் கொலென்சோ. அவர் அந்நாட்டைவிட்டுப் போகவில்லை. சில ஆண்டுகள் தனித்திருந்து, பின்பு அண்மையில் எழுந்த நேப்பியர் நகரில் வாழத் தொடங்கினார். 1861இல் நேப்பியரின் சார்பாகச் சட்டசபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். 1872 முதல் 1878 வரை ஹாக் விரிகுடாப் பகுதியின் பாடசாலைகளுக்கு இன்ஸ்பெக்டராயிருந்தார். பள்ளிக்கூடங்களை நாடித் திரிந்த அவ்வழிகளிலேயே செடிகளையும் திரட்டினார், பழஞ்செய்திகளையும் திரட்டினார்.

1865இல் டுனீடின் நகரில் நடந்த கண்காட்சியை ஒட்டி, மாவோரி மக்களைப்பற்றி விரிவானதொரு கட்டுரை வரைந்தார். அதன்பின் நியூசிலாந்துக் கலைக்கழகத்தின் வெளியீடுகளில், அம்மக்களின் உணவுப்பயிர்கள், பழமொழிகள், புராணக்கதைகள், மொழியமைதி என்பன குறித்துக் கட்டுரைகள் தொடர்ந்து வெளிவந்தன. மாவோரி மொழிக்குப் பேரகராதியொன்று இயற்றும் பொறுப்பையும் அரசாங்கத்தார் அவர்க்கு ஈந்தனர். பல ஆண்டு உழைத்தும், அரசாங்கத்தாரோடு நேர்ந்த பிணக்கினாலும் பொருளுதவி நின்றமையாலும் அப்பணி முற்றுப்பெறவில்லை. 1898இல் முதலெழுத்தின் சிறு பகுதி மாத்திரமே வெளிவந்தது. எளிதிற் சினங்கொள்ளும் இயல்பும், சுருங்கச் சொல்ல மாட்டாமையும் அவர்க்கிருந்த குறைகள். எனினும், கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் வேறு பிரித்து எழுதும் ஒழுங்கினால் அவர் எழுத்துக்கள் நிலைபெற்றன. 1886இல் லண்டன் ராயல் சொஸைட்டியார் அவரைத் தம் அங்கத்தினராக ஏற்றனர்.

அவருடைய நெஞ்சுரத்தைக் காட்டும் நிகழ்ச்சியொன்றை இங்குக் கூறவேண்டும். 1865இல் ஓப்போதிக்கி என்னுமிடத்தில் போல்க்னர் என்னும் மிஷனெரி கொல்லப்பட்டார். கொலென்சோ முன்பு சார்ந்திருந்த அதே சங்கத்தின் ஊழியர் அவர். அக்கொலையின் பொருட்டு 1866இல் ஐவர் தூக்கிலிடப்பட்டனர். மக்களின் நிலங்களும் பறிமுதலாயின. 1871இல் கெரெயோபா என்னும் மாவோரியர் பிடிக்கப்பட்டு, நேப்பியர் நகரில் அதே கொலைக்காக விசாரிக்கப்பட்டார். வெள்ளையர் அனைவரும் அவர் மரணத்தை எதிர்நோக்கியிருந்த அவ்வூரில் வாழ்ந்துகொண்டே, கொலென்சோ நீதியை வற்புறுத்திச் சிறுநூலொன்று வெளியிட்டார். அக்கொலை நிகழ்ந்த சூழ்நிலையையும், முன்னரே விதிக்கப்பட்ட தண்டனைகளையும் எடுத்துக்காட்டி உயிர்ப்பிச்சை வேண்டினார். வேண்டுகோள் செவியேறவில்லை, 1872ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் கெரெயோபா தூக்கிலிடப்பட்டார். 142 ஆண்டுகள் கழிந்தபின், 2014இல், நியூசிலாந்துப் பாராளுமன்றம் சட்டத்தினால் அவர்க்கு மன்னிப்பு வழங்கிற்று.

ஐம்பதாண்டு காத்த ஏடு

வைத்தாங்கியில் எழுதிய குறிப்புக்களைக் கொலென்சோ மறந்தாரல்லர். உடன்படிக்கையின் ஐம்பதாம் ஆண்டாகிய 1890இல், அவை அரசாங்க அச்சுக்கூடத்தின் வாயிலாக நூலாக வெளிவந்தன. அந்நாளிற் பேசிய தலைவர்களுட் பெரும்பாலோர் அப்போது மறைந்துவிட்டனர். அவர்களுடைய ஐயங்களும் அச்சங்களும் வாதங்களும் அந்நூலின்வழியே நமக்குக் கிடைத்துள்ளன. தம் வினாவையும், ஹாப்சன் கூறிய விடையையும் அவர் அதில் ஒளியாது எழுதினார். மக்கள் மகிழ்ச்சியோடு ஒப்பமிட்டனர் என்னும் எளிய கதையைக் கொண்டாட விரும்பிய ஆண்டில், அவர்கள் விளங்கிக்கொண்டனரோ என்னும் வினாவை மீண்டும் எழுப்புதல் எல்லார்க்கும் இனித்திராது. எனினும் எழுதினார்.

உடன்படிக்கை மீறப்பட்டமைபற்றிய முறையீடுகளை ஆராய 1975இல் வைத்தாங்கி நியாயமன்றம் அமைக்கப்பட்டது. அது 2014இல் வெளியிட்ட அறிக்கையொன்றில், 1840 பிப்ரவரியில் ஒப்பமிட்ட வடபகுதித் தலைவர்கள் தங்கள் அரசுரிமையை விட்டுக்கொடுத்தாரல்லர் என்று முடிவு கூறிற்று. அந்நாளின் நிகழ்ச்சிகளை ஆராய்வோர் எவரும் கொலென்சோவின் நூலைப் புறக்கணித்தல் இயலாது. இளைஞரொருவர் எழுந்து கேட்ட வினா, 174 ஆண்டுகளுக்குப்பின் நீதிமான்களின் முன் மீண்டும் நின்றது.

முடிவு

1894இல் திருச்சபையார் கொலென்சோவை மீண்டும் குருமார் வரிசையிற் சேர்த்துக்கொண்டனர். 42 ஆண்டுகளாகிய தண்டனைக்குப்பின் வந்த அம்மன்னிப்பை, 82 வயது முதியோர் பணிவோடு ஏற்றார். 1899ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் நேப்பியரில் அவர் உயிர் பிரிந்தது. அவர் காத்த தமிழ் மணி, அவருடைய மரணசாசனத்தின்படி தேசீயக் காட்சிச்சாலைக்கு உரியதாயிற்று.

தமிழ் பயிலும் மாணாக்கராகிய நமக்கு இச்சரித்திரத்தில் இரண்டு பாடங்கள் உள. சொல்லின் பொருளை அறிந்து ஆளுதல் புலவரின் விளையாட்டன்று. அதனைப் பற்றி ஒரு மக்களின் நிலமும் வாழ்வும் நிற்றல் கூடும் என்பது ஒன்று. ஒருகால் தவறி வீழ்ந்தவனும், உண்மையைக் கைவிடானாயின், பிறர்க்குப் பயன்படும் பணியொன்றைச் செய்து முடிக்கக்கூடும் என்பது மற்றொன்று. தமக்கு விளங்காத தமிழெழுத்தை நமக்காகக் காத்துவைத்த அவ்வயல்நாட்டாரை நாம் நன்றியோடு நினைத்தல் தகும்.